ராத்திரியில் வந்து கோழியைக் கடிப்பது எது?

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 நாட்டுக்கோழி வளர்த்தேன். ராத்திரி தகரக் கொட்டகையில் அடைப்போம், முன்பக்கம் கோழிவலை அடித்திருக்கிறது. ஒரே வாரத்தில் 5 போய்விட்டது, அதில் இரண்டு கழுத்தில் கடிபட்டு அங்கேயே கிடந்தன. கீரிதான், குருணை மருந்து வை என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: மருந்து மட்டும் வேண்டாம் அக்கா. அதைத் தின்று சாவது தெருநாயாகவும் மயிலாகவும் உங்கள் மிச்சக் கோழியாகவும் இருக்கலாம். கீரியோ, ராத்திரியில் மரமேறித் திரிகிற மரநாயோ செத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் குற்றம்.

அதோடு, எனக்கு இது கீரியாகத் தெரியவில்லை. கீரி பகலில் இரை தேடும். உங்களுக்குப் போனதெல்லாம் அடைத்த பிறகு. மரநாய் மேல்தான் சந்தேகம். பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற வீடு இருக்கிறதா? நம் ஊர்களில் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடுகளின் பரணும் ஓட்டுக்கூரையும் அதற்கு வசதியான இடம், இருட்டியதும் ஓட்டுமேலேயே நடந்து மரக்கிளை வழியாகக் கொட்டகையில் இறங்கிவிடும். சுவர்மேல் பழக்கொட்டை கலந்த எச்சம் கிடக்கிறதா என்று காலையில் பாருங்கள். கிடந்தால் மரநாய் அங்கே நடமாடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தடயமில்லாமல் போன மூன்றை நாயோ காட்டுப்பூனையோ தூக்கியிருக்கலாம்.

எது வந்தாலும் வழி ஒன்றுதான், ஓட்டையை அடைக்க வேண்டும். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இருந்தாலே மரநாய் நுழைந்துவிடும். அந்தக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் ஆகும், தெருநாய் பல் வைத்தால் பிய்ந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு அரை இஞ்சுக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடியுங்கள், மேலேயும் சேர்த்து. கொட்டகைமேல் சாயும் கிளையை வெட்டிவிடுங்கள். வலையை ஓரடி மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள், ஆனால் நம் செம்புறாங்கல் தரையில் கடப்பாரை இறங்காது. வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையோடு விரித்துக் கல்லை அடுக்கினால் போதும், சுவரோரம் தோண்ட வருவது வலைமேல்தான் நிற்கும்.

குஞ்சு பொரித்தால் பகலிலும் கவனம் வேண்டும், காக்காயும் வல்லூறும் தூக்கும். ஒரு மாதம் தாயோடு பஞ்சாரத்துக்குள்ளேயே (கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை) இருக்கட்டும்.

மெஷ் வாங்கி அடிக்கிறவரை மிச்சம் 9 கோழியையும் இருட்டுமுன் பிடித்து, சிமெண்டுத் தரை உள்ள அறையில் இரண்டு பஞ்சாரத்தில் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை ஏற்றி, கதவைச் சாத்திவிடுங்கள். இன்றைக்கு ராத்திரியே செய்யுங்கள் அக்கா, ஒருமுறை ருசி கண்டது மறுபடி வரும்.