வைக்கிங் இளவரசிக்கும் நைட்டுக்கும் காதல் வருமா? 1066ல கதைய வைங்க

கேள்வி: காமெடி லவ் தொடர்கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். ஹீரோயின் வைக்கிங் இளவரசி, ஹீரோ குதிரைல வர்ற நைட், அதான் கவசம் போட்ட ஐரோப்பிய வீரன். ரெண்டும் வேற வேற காலம், சந்திச்சிருக்கவே முடியாதுன்னு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றா. நிஜமா? காமெடிய எங்கேந்து எடுக்கறது?

பதில்: தாராளமா சந்திச்சிருக்கலாம். உங்க ஃப்ரெண்ட் மனசுல இருக்கறது தலைலேந்து கால் வரைக்கும் இரும்புத்தகடு மாட்டின நைட், அது 15ஆம் நூற்றாண்டு ஆளு. 11ஆம் நூற்றாண்டு நார்மன் நைட்டுக்கு சங்கிலிக் கவசமும் மூக்க மறைக்கிற பட்டை வெச்ச ஹெல்மெட்டும்தான். அவனோட முன்னோர்களே வைக்கிங் ஆளுங்கதான், 911 வாக்குல ரோலோங்கற வைக்கிங் தலைவனுக்கு பிரெஞ்சு ராஜா கொடுத்த நிலம்தான் நார்மண்டி, அங்க இருந்தவங்கதான் நார்மன்கள்.

வருஷம் 1066னு வைங்க. நார்வே ராஜா ஹரால்டு ஹார்ட்ராடா இங்கிலாந்து மேல படையெடுத்து செப்டம்பர் 25ல ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ்ல செத்துப்போறாரு, சில நாள்லயே தெக்குப் பக்கமா நார்மண்டி பிரபு வில்லியமோட கப்பல்கள் வந்து இறங்குது. ஹரால்டு கிளம்பறப்ப மனைவி எலிசிவையும் ரெண்டு பொண்ணுங்களையும் ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கற ஆர்க்னி தீவுல விட்டுட்டுப் போனாரு. அந்தப் பொண்ணுங்கள ஹீரோயின் ஆக்காதீங்க, ஒருத்தி மரியா அப்பா செத்த அன்னிக்கே செத்தான்னு சாகா (பழைய ஐஸ்லாந்து வரலாற்றுக் கதை) சொல்லுது, அங்க சிரிப்பு ஒட்டாது. ஆர்க்னிய அப்ப ஆண்ட அண்ணன் தம்பி பால், எர்லெண்ட் ரெண்டு பேருக்கும் ஒரு தங்கச்சி இருந்தான்னு கற்பனை பண்ணிக்கோங்க. வில்லியம் காத்துக்கிடந்தது தெக்கத்திக் காத்துக்குத்தான், அதே காத்து ஒரு கப்பல வழி தவற வெச்சு வடக்க தள்ளிட்டுப் போகட்டும், உங்க ஹீரோ நனைஞ்ச கோழியா ஆர்க்னில கரை ஒதுங்கட்டும், கதைக்கு அது போதும்.

இனிமேதான் காமெடி. நார்மன் ஆளுங்க மீசை தாடி ரெண்டையும் மழிச்சிருப்பாங்க, இங்கிலீஷ் ஒற்றர்கள் அவங்கள பாத்துட்டு படை முழுக்க பாதிரியாருங்கன்னு போய் சொன்னதா மால்ம்ஸ்பரி வில்லியம்னு பிற்கால வரலாற்று ஆசிரியர் ஒருத்தர் எழுதிருக்காரு. நார்வேயும் ஆர்க்னியும் அதுக்குள்ள கிறிஸ்தவம் ஆயாச்சு. ஸோ ஹீரோயின் அவனை பாதிரியார்னு நினைச்சு பாவமன்னிப்பு கேக்க முட்டி போடறா, அவ சொல்ற பாவமெல்லாம் அவனை பத்தியே இருக்கு, அவனுக்கு அவ மொழி ஒரு வார்த்தை புரியல, தலைய மட்டும் ஆட்டறான். இத நல்லா நிதானமா எழுதுங்க, ஒரு முழு அத்தியாயம் தாங்கும்.

அப்புறம் சீப்பு. வைக்கிங்னா அழுக்குன்னு எழுதிடாதீங்க ப்ளீஸ், மான்கொம்புல செஞ்ச சீப்பு தோண்டற இடத்துலெல்லாம் கிடைக்குது. டேன்கள், அதாவது டென்மார்க் வைக்கிங் ஆளுங்க, தினம் தலை வாரி, சனிக்கிழமை தோறும் குளிச்சு, துணி மாத்திட்டு வந்து நம்ம வீட்டுப் பொண்ணுங்க மனச கெடுக்கறாங்கன்னு ஒரு பழைய இங்கிலீஷ் கிரானிக்கிளே புலம்புது. ஹீரோயின் ஆசையா சீப்போட வர்றா, ஆனா இவனுக்கு பின்தலை மொத்தமா மழிச்சிருக்கு, வில்லியம் படையெடுப்ப துணில தையலா வரைஞ்ச பேயோ திரைச்சீலைல இருக்கற நார்மன்கள் மாதிரியே, வாரறதுக்கு முடியே இல்ல!

ஊடல் சீன் வேணும்னா சட்டைய எடுத்துக்கோங்க. லாக்ஸ்டேலா சாகால குத்ரூன்னு ஒரு ஐஸ்லாந்துப் பொண்ணு, கன்னத்துல அறைஞ்ச புருஷனுக்கு கழுத்து ரொம்ப இறக்கமா ஒரு சட்டை தெச்சுக் குடுத்து, அத போட்டுட்டான்னு காரணம் காட்டியே விவாகரத்து வாங்கறா. உங்க ஹீரோயின் கோவத்துல ஊசிய எடுத்தான்னு ஒரு வரி எழுதினா போதும், ஊரே கழுத்த பாக்கும்.

கொம்பு வெச்ச ஹெல்மெட் வேண்டவே வேண்டாம், அது 1876ல ஜெர்மனில இசையமைப்பாளர் வாக்னரோட ஓபராவுக்கு (இசை நாடகம்) தெச்ச டிரெஸ்ஸால பரவினது.

மொழிப் பிரச்சனைய சீக்கிரம் தீர்த்துடாதீங்க. 1066ல நார்மன் பேசறது பிரெஞ்சு, அவ பேசறது வைக்கிங் ஆளுங்களோட மொழியான நார்ஸ். நடுவுல லத்தீன் தெரிஞ்ச நிஜ பாதிரியார் ஒருத்தர கொண்டாங்க, நைட்டுக்கு ரெண்டு லத்தீன் ஜெபம்தான் தெரியும், அந்த ஜெப வார்த்தைய வெச்சே அவன் ப்ரபோஸ் பண்ணணும், அத அவர் அவகிட்ட முகம் சிவக்க எடுத்துச் சொல்லணும்.