கோழைகள் அல்ல, மலைக்காரர்கள்

கேள்வி: 1071-இல் மான்சிகெர்ட்டில் துருக்கியரிடம் தோற்றதோடு பைசாந்தியரின் (கிழக்கு ரோமப் பேரரசின்) ஆசியா மைனர், அதாவது இன்றைய துருக்கிப் பகுதி, எல்லை முடிந்தது. இத்தனை கோட்டை கட்டியவர்களால் துருக்கியக் கொள்ளைக் குதிரைகளைத் தடுக்க முடியவில்லையே, கோழைத்தனம்தானே காரணம்?

பதில்: மான்சிகெர்ட்டோடு முடிந்துவிட்டால், 1302-இல் நிக்கோமீடியா பக்கத்தில் பாஃபியஸில் உதுமானிய அரசின் நிறுவனர் உஸ்மான் யாரோடு சண்டை போட்டார்? ஆசியா மைனரின் நடுப் பீடபூமி கைவிட்டுப் போனது உண்மை. மேற்குக் கரையை மீட்டு இருநூறு வருஷம் வைத்திருந்தார்களே!

கொள்ளைக்கு வருபவன் நாள் குறித்துவிட்டு வருவதில்லை. சிறு சிறு கூட்டமாகக் கணவாய் வழியே இறங்குவான். ஆட்டையும் ஆளையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். தலைநகரிலிருந்து படை கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கணவாயிலேயே குடியிருப்பவன்தான் அவனை மறிக்க முடியும். 1204-இல் சிலுவைப் படையினர் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்துக்கொண்டதால் நிக்கேயாவிலிருந்து ஆண்ட லஸ்காரிஸ் அரசர்களுக்கு இது புரிந்திருந்தது. நிக்கேயாவைச் சுற்றிய பித்தினியாவின் எல்லை மலைக்காரர்களுக்கு வரி கிடையாது. சிலருக்கு நிலவருவாயையும் எழுதிக் கொடுத்தார்கள். மலைக்காரர்களிடம் மந்தை பெருகியது. காக்க ஏதோ இருந்ததால் காத்தார்கள்.

1261-இல் கான்ஸ்டான்டிநோபிளை மீட்ட பேரரசர் எட்டாம் மைக்கேலுக்கு அந்த மந்தைகள் கண்ணை உறுத்தின. காடினோஸ் என்ற அதிகாரி போய்க் கணக்கெடுத்தார். ஆளுக்கு 40 பொற்காசு சம்பளம், மிச்சமெல்லாம் கஜானாவுக்கு. பாக்கிமெரிஸ் என்ற அக்கால வரலாற்றாசிரியர் இதை மனம் கசந்து எழுதிவைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, அரியணைக்கு உரிய லஸ்காரிஸ் வம்சத்துச் சிறுவனின் கண்களை மைக்கேல் பறிக்க, மலைக்காரர்கள் கலகம் செய்தார்கள். அடக்கினார், அதோடு அவர்களுடைய விசுவாசமும் போயிற்று. சிலர் துருக்கியர் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள்.

மைக்கேலுக்கும் ஒரு நியாயம் உண்டு: மேற்கே சிசிலி அரசர் அஞ்சுவின் சார்லஸ் படையெடுக்கக் காத்திருந்தார், பணமும் படையும் அங்கே தேவைப்பட்டன. கிழக்கே மங்கோலியர் நெருக்கியதில் துருக்மேனியர் என்ற நாடோடித் துருக்கியர் அலை அலையாக எல்லைக்கு வந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில்தானா எல்லைக் காவலனின் மடியில் கைவைப்பது? கடைசியில் மைக்கேலே பித்தினியா எல்லையிலிருந்த சங்காரியோஸ் ஆற்றங்கரைக்குப் போய்க் கோட்டைகளைப் பலப்படுத்தினார். அந்த மலையில் முன்பு நின்ற ஆட்களுக்கு எங்கே போவது? அவருடைய மகன் 1285-இல் செலவு மிச்சம் என்று கடற்படையையும் கலைத்தார், அது தனிக்கதை.

கோழைத்தனம் என்றீர்களே, ஆசியா மைனரின் மேற்கிலிருந்த பிலடெல்பியாவைப் பாருங்கள். நாலாபுறமும் துருக்கியர் நாடாகிவிட்ட பிறகும் அந்த ஊர் 1390 வரை பணியவில்லை. அதைப் பிடிக்கப் போன உதுமானிய சுல்தான் பாயசித்தின் படையில், கப்பம் கட்டிய பாவத்துக்காகப் பைசாந்திய அரச வாரிசு மானுவேலும் போக வேண்டியிருந்தது.