கேள்வி – பதில்: அடைபடும் சந்தும் பொதுவழி உரிமையும்

கேள்வி: எங்கள் நகர மையத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு மனைகளை ஒரே கட்டுமான நிறுவனம் வாங்கியுள்ளது. இடையே செல்லும் பொதுச் சந்தினையும் சேர்த்து ஒரே வளாகமாகக் கட்ட, அதை நிரந்தரமாக மூடித் தருமாறு நகர மன்றத்திடம் விண்ணப்பித்திருக்கிறது. இருபுறமும் நிலம் அவர்களுடையதாக இருக்கையில், அவ்வழியே நடந்து செல்பவர்கள் ஆட்சேபிக்க முடியுமா?

பதில்: முடியும்; ஆட்சேபிக்கவும் வேண்டும். இருபுறத்து மனைகளும் ஒருவருக்கே சொந்தம் என்பதால் நடுவிலுள்ள பொதுவழி அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஓரத்தில் ஓர் அடி நிலம்கூட இல்லாதவருக்கும் அவ்வழியே போய்வரும் உரிமை உண்டு. 'ஒருமுறை பொதுவழி, என்றும் பொதுவழி' என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. மக்கள் சில காலம் நடக்காமல் விட்டதால் அந்த உரிமை அழிவதில்லை. சட்டப்படியான ஆணையால்தான் அதை முடிவுக்குக் கொண்டுவர முடியும்.

அந்த ஆணை எந்தச் சட்டத்தின்கீழ் கேட்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி நீதிமன்ற ஆணையால் ஒரு வழியை அடியோடு மூட வேண்டுமானால், அது தேவையற்றதாகிவிட்டது என்று அந்த நீதிமன்றம் ஏற்க வேண்டும். அதே நாட்டின் 1990ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டமோ, அனுமதி பெற்ற கட்டுமானத்துக்காக மூடுவதற்கு இடம் தந்து, ஆட்சேபணைக்கு 28 நாள் அவகாசம் அளிக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சந்தினை ஒட்டிய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வைத்திருப்போர் மூடக் கோரி மனுச் செய்யலாம். ஆனால் நகர மன்றம் பொது விசாரணை நடத்தாமல் அதன்மேல் முடிவெடுக்க இயலாது. கேட்கும் வாய்ப்பு மனைக்காரருக்கு இருந்தாலும், மறுத்துப் பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கிறது.

விசாரணையில் வெறும் வருத்தத்தைச் சொன்னால் போதாது, கணக்கைச் சொல்லுங்கள். காலை, நண்பகல், இரவு என்று சில நாட்கள் நின்று, எத்தனை பேர் அவ்வழியே போகிறார்கள், எங்கிருந்து எங்கே போகிறார்கள், மூடினால் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். காரில் போகிறவருக்குப் பொருட்டாகாத இருநூறு மீட்டர், கைத்தடி ஊன்றிச் செல்பவருக்கும் சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் அன்றாடப் பயணத்தையே மாற்றிவிடும். நெடிய மனைத்தொகுதிகள், அதாவது சுற்றிலும் தெருக்கள் சூழ்ந்த மனைக்கூட்டங்கள், மக்களை ஒரே தெருவில் தள்ளி மற்றத் தெருக்களின் வணிகத்தை வாட்டுகின்றன என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே விளக்கினார். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் நடப்பது எளிதாக இருப்பதற்கு, பெரும்பாலும் 200 அடி நீளமே உள்ள அதன் சிறிய மனைத்தொகுதிகளும் ஒரு காரணம்.

சரக்கு இறக்கும் வண்டியும் குப்பை வண்டியும் இனி எங்கே நிற்கும் என்று கேட்க மறக்காதீர்கள். பின்புறச் சந்து இல்லையென்றால் அவை முன்தெருவின் நடைபாதைக்குத்தான் வரும்.

கேள்வி: கட்டடத்துக்குள்ளேயே கண்ணாடிக் கூரையிட்ட நடைவழி அமைத்துத் தருவதாக அந்த நிறுவனம் சொல்கிறது. இருண்டு அழுக்கடைந்த சந்தினைவிட அது மேலல்லவா?

பதில்: பார்வைக்கு மேலாக இருக்கலாம். ஆனால் சந்தில் நீங்கள் நடப்பது உரிமையால். வளாகத்துக்குள் நடப்பது அனுமதியால். இந்த வேறுபாட்டை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அனுமதி தந்தவர் இரவு கதவைப் பூட்டலாம், காவலாளை நிறுத்தி யாரை உள்ளே விடுவதென்று தீர்மானிக்கலாம், நாளை கட்டடத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். ஆகவே, அந்த நடைவழியின் அகலம், திறந்திருக்கும் நேரம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அடுத்து வரும் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் வழிப்பாத்தியமாக, அதாவது பிறர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமையாக, பத்திரத்தில் எழுதிப் பதிவுசெய்யுமாறு கேளுங்கள். விளம்பரப் படத்தில் வரைந்து காட்டிய வழி யாரையும் கட்டுப்படுத்தாது.

சந்து அழுக்காக இருப்பது, அதைக் கூட்டவும் விளக்குப் போடவும் கடமைப்பட்டவர்கள் தவறியதன் விளைவு. தவறியவர்களே அதை மூடுவதற்குக் காரணமாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மெல்போர்ன் நகர மையத்தின் பின்புறச் சந்துகள் பல, 1837இல் அளந்து போட்ட பெரிய மனைத்தொகுதிகளுக்குள் சரக்குக்கும் கழிவுக்குமாக உண்டானவை. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த அவற்றில் பல, இன்று காப்பிக் கடைகளோடு மக்கள் தேடி வரும் இடங்களாகிவிட்டன. அதேசமயம், எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத, யாரும் பயன்படுத்தாத முட்டுச்சந்து என்றால், தகுந்த விலை பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

கேள்வி: சந்தின் அடியில் செல்லும் குழாய்கள் என்னவாகும்? கட்டுமானம் பாதியில் நின்றுபோனால்?

பதில்: குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மின்கேபிளும் அடியில் இருந்தால், ஒன்று நிறுவனத்தின் செலவில் இடம் மாற்ற வேண்டும், அல்லது தோண்டிப் பழுதுபார்க்கும் உரிமையை ஆணையிலேயே தக்கவைக்க வேண்டும். மழைநீர் எப்படி வடியும் என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வியே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. வழியை மூடி நிலத்தை மாற்றிக் கொடுத்த பிறகு பணமின்றித் திட்டம் நின்றால், வேலியிட்ட வெற்று மனைதான் மிஞ்சும். போன வழியை மீட்க நகரமே அதை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். எனவே கட்டட அனுமதியும் நிதி ஏற்பாடும் உறுதியாகி, வேலை தொடங்கும் நாளில்தான் ஆணை நடைமுறைக்கு வர வேண்டும் என்றும், குறித்த காலத்துக்குள் தொடங்காவிட்டால் அது தானாகவே ரத்தாக வேண்டும் என்றும் நிபந்தனை கேட்டு, விசாரணை நாளுக்கு முன்பே எழுத்துமூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.