பேராசிரியர் பதில்கள்: கூட்டு வகுப்பில் பாடத்திட்டம் யாருடையது?

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் துறையோடு இணையவழிக் கூட்டு வகுப்பு நடத்த அழைத்திருக்கிறது. எட்டு வாரப் பாடத்திட்டத்தை அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். முதல் பக்கத்திலேயே ‘சமத்துவம்’, ‘காலனிய நீக்கம்’ எல்லாம் இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– ஓர் உதவிப் பேராசிரியை

பதில்: எல்லாம் எழுதி முடித்த பிறகு அழைத்தால் நீங்கள் விருந்தாளி. மரியாதை கிடைக்கும், சாவி கிடைக்காது.

நானும் ஒரு முறை இப்படித்தான் தலையாட்டினேன். அவர்கள் மாணவர்கள் கோட்பாடு படித்தார்கள். என் மாணவர்கள் 22 பேர் அலைந்து திரிந்து நேர்காணல் எடுத்து, அதை எழுத்தாக்கி, மொழிபெயர்த்தும் கொடுத்தார்கள். அறிக்கை வந்தபோது எழுதியவர்கள் என்ற இடத்தில் அந்தப் பக்கத்துப் பெயர்கள் மட்டும். எங்கள் பிள்ளைகள் கடைசிப் பக்க நன்றியுரையில், அதிலும் இரண்டு பெயர் பிழையாக. அவர்களுக்குப் பட்டத்தில் சேரும் மூன்று கிரெடிட், எங்களுக்கு ஒரு பிடிஎஃப் சான்றிதழ். கோபம் வந்தது, ஆனால் கையெழுத்துப் போட்டது நான்தானே?

வேடிக்கை என்னவென்றால், இணையவழிக் கூட்டு வகுப்பு என்ற இந்த முறையின் அடிப்படை விதியே இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து பாடத்தைச் சேர்ந்து எழுத வேண்டும் என்பதுதான். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் திரைப்படப் பேராசிரியர் ஜான் ரூபின் முன்னின்று 2006இல் இதற்கென ஒரு மையமே தொடங்கினார். எனவே திருத்தம் கேட்கத் தயங்காதீர்கள். அவர்கள் சொல்லும் முறையைத்தான் கேட்கிறீர்கள்.

‘காலனிய நீக்கம்’ என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்களே, அதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ உள்ளிட்ட மூன்று விரிவுரையாளர்கள் ஆங்கிலத் துறையைக் கலைக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினார்கள். ஆங்கில இலக்கியத்தைத் தூக்கி எறியுங்கள் என்பதல்ல அவர்கள் கேட்டது. ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள், மற்றவை அதைச் சுற்றி வரட்டும் என்றார்கள். உங்களிடம் வந்த பாடத்திட்டத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். கோட்பாடெல்லாம் அவர்கள் பக்கம், ‘உதாரணங்கள்’ மட்டும் உங்கள் பக்கமா? அப்படியானால் இரண்டு வாரங்களையாவது நீங்கள் எழுதிக் கொடுங்கள், உங்கள் பக்கத்துச் சிந்தனையாளர்களை வைத்து. அப்புறம் களப்பணியை இருபக்கமும் செய்யட்டும். கிரெடிட், அறிக்கையை எழுதியவர்கள் பெயர் வரிசை இரண்டையும் முதல் வாரத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்க, ஐரோப்பியக் குழுக்களோடு வகுப்பு. எங்களுக்கு எப்போதும் இரவு 10 மணி. மார்ச்சில் நேரம் வேறு குழம்பிப் பாதிப் பேர் தவறவிட்டார்கள். யார் மீது தப்பு?

பதில்: கடிகாரத்தின் மீது. கோடைக்காக அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே இரண்டு மூன்று வாரம் மூன்று தரப்புக்கும் இடையில் கணக்கே வேறு. கடிகாரத்தைத் தொடாத நாட்டுக்காரர்தான் எப்போதும் தடுமாறுவார். அட்டவணையை உலகப் பொது நேரத்தில் போடச் சொல்லுங்கள். தூக்கத்தையும் முறை வைத்துப் பங்கிட வேண்டும்: இந்த வாரம் உங்களுக்கு இரவு என்றால் அடுத்த வாரம் அவர்களுக்கு விடியற்காலை. சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள், கூட்டாண்மையின் ஆழம் தெரிந்துவிடும்.

கேள்வி: அவர்கள் ஆங்கில வேகத்துக்கு என்னால் பேச முடியவில்லை. கேமராவையும் ஆன் செய்யச் சொல்கிறார்கள், டேட்டா தீர்ந்துவிடுகிறது.
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, குழு வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் தரத்தைப் பொறுத்து ஒரு ஜிபியைக்கூடத் தாண்டும். ஒலி மட்டும் என்றால் நூறு எம்பிக்குள் முடியும். இதை உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கேமராவுக்கு மதிப்பெண் வைத்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

வேகத்துக்கு வருவோம். என் வகுப்பில் ஒரு மாணவி நான்கு வாரம் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் வாரம் நேரடி விவாதத்தை விட்டுவிட்டு, மூன்று நாள் அவகாசத்தில் எழுத்தில் விவாதிக்கச் சொன்னோம். அவள் எழுதியதற்குப் பதில் சொல்லத்தான் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். சொந்த மொழியில் குழுவாகப் பேசி முடித்து, பிறகு ஆங்கிலத்தில் வைப்பதற்கும் அனுமதி கேளுங்கள். ஏமாற்று வேலை இல்லை அது, யோசிக்கும் வழி.

கேள்வி: வகுப்பின் வீடியோ பதிவு யாருக்குச் சொந்தம்?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், வகுப்பை இணையத்தில் நடத்தும் ஹோஸ்ட் கணக்கு யாரிடம் இருக்கிறதோ நடைமுறையில் அவரிடம்தான் பதிவும் இருக்கும். நான் ஏழாம் வாரம்தான் கேட்டேன். இணைப்பு வந்தது, திறந்தால் காலாவதி.