எந்த ஊர்ப் படி? வெளிநாட்டு அச்சகத்துக்குப் போகும் வண்ணங்கள்

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்குக் கேட்டலாக் செய்துகொடுக்கும் வடிவமைப்பாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம்: "48 பக்கக் கேட்டலாக். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு ஜெர்மனியிலும், சிங்கப்பூர், மலேசியாவுக்குச் சிங்கப்பூரிலும் அடிக்கிறோம். போன முறை சிங்கப்பூரில் அடித்ததில் எம்.எஸ். ப்ளூ புடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்துவிட்டது. முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை ஜெர்மன் அச்சகத்தார், ஃபைலில் ப்ரொஃபைலே இல்லை, ஃபோக்ரா51 என்ற அச்சுத் தரத்துக்கு மாற்றி, பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற அச்சுக்கான பிடிஎஃப் ஆக அனுப்புங்கள் என்கிறார்கள். சிங்கப்பூரில் கேட்டால், நான்கு அச்சு மைகளின் சிஎம்ஒய்கே-யாக இருந்தால் போதும் என்கிறார்கள். இரண்டு ஃபைல் செய்ய வேண்டுமா? யார் சொல்வதை நம்புவது, சார்?"

ஜெர்மன்காரர்களை நம்புங்கள். சிங்கப்பூர்க்காரர்களிடம் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு பிடிஎஃப் கட்டாயம் வேண்டும். ஆனால் வேலை ஒரே வேலைதான், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பட்டணம் படி ஓர் அளவு, வெளியூர்ப் படி வேறோர் அளவு. நாலு படி அரிசி என்றால், எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். சிஎம்ஒய்கே எண்களும் இதே கதைதான். சயான் 100, மெஜந்தா 70 என்று எழுதினால் எந்த மை எத்தனை சதவீதம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். எந்தத் தாள், எந்த மை, மெஷினில் மைப்புள்ளி எவ்வளவு பருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் அது நிறம் ஆகிறது. 'எந்த ஊர்ப் படி' என்ற கேள்விக்கான பதில்தான் ஐசிசி ப்ரொஃபைல். 1993-ல் ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து இதற்கு ஒரு பொது வடிவம் கொண்டுவந்தன. ப்ரொஃபைல் இல்லாத ஃபைல் ஊர்ப்பெயர் இல்லாத படிக்கணக்கு. சிங்கப்பூரில் உங்கள் எண்களை அப்படியே பிளேட்டில் ஏற்றியிருப்பார்கள். அவர்கள் பக்கம் தப்பு என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் எண்கள் எந்த ஊர்ப் படியில் அளந்தவை? ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவுக்குப் போய் கலர் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். சிஎம்ஒய்கே என்ற இடத்தில் 'யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப் வி2' என்று இருக்கும், அநேகமாக. சென்னையில் நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். சாஃப்ட்வேர் போட்ட அன்று வந்த அமைப்பை யாரும் தொடுவதில்லை. அதில் வரும் 'வெப்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, இது வெப்சைட்டுக்கான கலர் என்று ஒரு தம்பி என்னிடம் அடித்துச் சொன்னான். காகித உருளையில் ஓடும் வெப் ஆஃப்செட் அது. அமெரிக்க வார, மாத இதழ்களை மெல்லிய தாளில் அடிப்பதற்கென்று வகுத்த கணக்கு. உங்கள் தி.நகர் புடவை ஒரு அமெரிக்க வார இதழுக்காக நான்கு மைகளாகப் பிரிக்கப்பட்டு, சிங்கப்பூரில் 150 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் அச்சாகியிருக்கிறது.

ஆனால் எம்.எஸ். ப்ளூ கெட்டதற்கு இது மட்டும் காரணம் இல்லை. சயானும் மெஜந்தாவும் சேர்ந்துதான் அச்சில் நீலம் வருகிறது, அந்தச் சேர்க்கை இயல்பாகவே ஊதாப் பக்கம் சாயும். இரண்டையும் 100, 100 என்று வைத்தால் எந்த நாட்டில் அடித்தாலும் கத்தரிப்பூதான். பட்டில் தெரியும் அந்த ஆழமான நீலம் பெரும்பாலும் நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லைக்கு வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும்போது எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் சாஃப்ட்வேர் முடிவு செய்யும். நிறச் செறிவை விட்டுக்கொடுங்கள், நிறத்தின் சாயலை விடாதீர்கள். கொஞ்சம் மங்கிய நீலத்தை வாடிக்கையாளர் மன்னிப்பார். கத்தரிப்பூவை மன்னிக்க மாட்டார். கையால் சரிசெய்யும்போது மெஜந்தாவை சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். கிளிப்பச்சையிலும் இதே தொல்லை வரும், அங்கே ஊதாவுக்குப் பதிலாக அழுக்கு மஞ்சள் தட்டும்.

மயில் கழுத்துப் புடவைகளை அளந்து சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பினால் வேறு நிறம். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வைத்தால் வைக்கும் கோணத்துக்கு ஒரு எண் சொல்லும். அதைக் கண்ணால்தான் பார்த்து முடிக்க வேண்டும்.

இப்போது ஃபைலுக்கு வருவோம். போட்டோக்களை ஆர்ஜிபி-யிலேயே, அதாவது கேமராவும் திரையும் பயன்படுத்தும் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கிலேயே வைத்திருங்கள். சிஎம்ஒய்கே-க்கு மாற்றி டிஃப் ஆகச் சேமித்துவிட்டு ஆர்ஜிபி-யை அழிப்பது, நெல்லைக் குத்திவிட்டு விதைக்குத் தேடுவது மாதிரி. இன்டிசைனில் ஆர்ஜிபி படங்களையே வைத்துப் பக்கம் கட்டுங்கள். கடைசியில் பிடிஎஃப் எடுக்கும்போது ஜெர்மனிக்கு ஒரு தடவை, சிங்கப்பூருக்கு ஒரு தடவை. எக்ஸ்போர்ட் பெட்டியில் அவுட்புட் என்ற பகுதியில் 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன், ப்ரிசர்வ் நம்பர்ஸ்' என்று இருக்கும். அதைத் தேர்ந்து, டெஸ்டினேஷனில் அந்தந்த ஊரின் ப்ரொஃபைலைக் கொடுங்கள். அவுட்புட் இன்டென்ட்டிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபைலின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதுவது அதுதான். படங்கள் மாறும், கறுப்பு எழுத்தும் லோகோவும் நீங்கள் கொடுத்த எண்ணிலேயே நிற்கும். இதில் ஒரு பள்ளம் உண்டு: ப்ரொஃபைல் இல்லாத பழைய சிஎம்ஒய்கே படம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அதுவும் மாறாமல் அப்படியே போய்விடும். ஆர்ஜிபி அசல் தொலைந்துபோன படங்களை முன்கூட்டியே ஃபோட்டோஷாப்பில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு கட்டளைகள் அக்கம்பக்கமாக இருக்கும்: அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல். முதலாவது எண்ணைத் தொடாமல் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றும். இரண்டாவது நிறத்தைக் காப்பாற்றி எண்ணை மாற்றும். ப்ரொஃபைல் இல்லாத பழைய படத்துக்கு, எதில் பிரித்தோமோ அதை முதலில் அசைன் செய்து, அப்புறம் புது ஊருக்குக் கன்வர்ட் செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு சிறுவர் படக்கதை முழுவதையும் நான் கெடுத்திருக்கிறேன். குழந்தைகள் முகமெல்லாம் வெயிலில் வெந்த மாதிரி வந்தது. மறு அச்சுக்கான காசு என் கையிலிருந்துதான் போனது.

பிடிஎஃப் வந்ததும் அக்ரோபேட்டில் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து, கறுப்பு மையை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் மறைய வேண்டும். மறையாமல் மங்கலாக நின்றால், கறுப்பு எழுத்து நான்கு மையாகச் சிதறியிருக்கிறது. 8 பாயின்ட் தமிழ் எழுத்தில் இது பெரிய ஆபத்து. பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் 'ண'வின் சுழிகள் அடைந்துவிடும், மெய்யின் புள்ளிக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு புள்ளி முளைக்கும். ஆங்கிலம் மட்டும் போட்டுப் பழகிய அச்சகத்தில் இதைக் கவனித்துச் சொல்ல ஆள் இருக்காது.

படங்களை ஆர்ஜிபி-யாகவே பிடிஎஃப் எக்ஸ்-4-ல் வைத்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அந்த வடிவம் அதற்கு இடம் கொடுக்கிறது, பழைய எக்ஸ்-1ஏ கொடுக்காது. நன்றாகப் பழகிய அச்சகம் என்றால் நானே அனுப்புகிறேன். முதல் தடவை வேலை செய்யும் இடத்துக்கு அனுப்ப மாட்டேன். கத்தரிப்பூ ஆகிறதா இல்லையா என்பதை என் மேஜையிலேயே பார்த்துவிட வேண்டும் எனக்கு.

ஃபோக்ரா என்பது மியூனிக் பக்கத்தில் இருக்கும் அச்சுத்துறை ஆய்வு நிறுவனம். அதன் எண் ஒவ்வொன்றும் ஒரு வகைத் தாளில் தரமாக அச்சடித்து அளந்த விவரம். ஃபோக்ரா39 பழையது, அதற்கான ப்ரொஃபைல் பெயர் ஐஎஸ்ஓ கோட்டட் வி2. ஃபோக்ரா51 2015-ல் வந்தது, அதற்கு பிஎஸ்ஓ கோட்டட் வி3. இரண்டும் ஈசிஐ என்ற ஐரோப்பிய அமைப்பின் தளத்தில் இலவசம். பெரிய வித்தியாசம் தாளின் வெண்மை. இன்றைய ஆர்ட் பேப்பரில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால், வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி லேசான நீலப் பளிச்சு இருக்கும். 51 அதைக் கணக்கில் எடுத்து அளந்தது. மையின் மொத்த அளவும் மாறுகிறது: ஐஎஸ்ஓ கோட்டட் வி2-ல் நான்கு மையும் சேர்ந்து 330 சதவீதம் வரை போகலாம், பிஎஸ்ஓ கோட்டட் வி3-ல் 300. அதற்கு மேல் ஏற்றினால் அரக்குப் புடவையின் இருண்ட மடிப்புகளில் மை காயாமல் மேல் தாளின் முதுகில் ஒட்டும்.

சிங்கப்பூருக்கு எழுதும்போது 'என்ன ப்ரொஃபைல்' என்று மட்டும் கேட்டால் மறுபடியும் 'சிஎம்ஒய்கே போதும்' என்றுதான் பதில் வரும். கேள்வி மார்க்கெட்டிங் ஆளிடம் போகிறது, அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அச்சுக்கு முன் ஃபைலைத் தயார் செய்யும் ப்ரீபிரஸ் பிரிவுக்கு என்று குறிப்பிட்டு, எந்தத் தரத்துக்கு அச்சடிக்கிறீர்கள், ஃபோக்ரா39-ஆ, 51-ஆ, கிராக்கோலா, ஜப்பான் கலரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மொத்த மை எவ்வளவு, கான்ட்ராக்ட் ப்ரூஃப், அதாவது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மாதிரி அச்சு, எந்தத் தரத்துக்கு அடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளின் பெயரிலும் ஜாக்கிரதை. நாம் மேப்லித்தோ என்று சொல்வதை அங்கே வுட்ஃப்ரீ என்பார்கள். விலைப்பட்டியல் பக்கங்கள் அந்தத் தாளில் என்றால் அவற்றுக்கு ப்ரொஃபைலே வேறு. ஜெர்மனியில் அது ஃபோக்ரா52, பிஎஸ்ஓ அன்கோட்டட் வி3. ஆர்ட் பேப்பருக்குப் பிரித்த படத்தை மேப்லித்தோவில் போட்டால் மை ஊறி எல்லாம் சேறாகிவிடும்.

ஜரிகைக்கு ஐந்தாவது மையாகப் பான்டோன் 871 தங்கம் போடலாமா என்று உங்கள் முதலாளி கேட்கக்கூடும். போடலாம். பிளேட் கூடும், செலவு கூடும், படத்தில் ஜரிகையை மட்டும் வெட்டிப் பிரிக்க உங்கள் தூக்கம் போகும். அட்டைக்கு மட்டும் போதும் என்பது என் கருத்து. உள்பக்கங்களில் ஜரிகை மின்னுவது மையால் வருவதில்லை, போட்டோகிராஃபர் பக்கவாட்டில் வைக்கும் விளக்கால் வருவது.

மானிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கி வந்தபோது இருந்த வெளிச்சத்திலேயே வைத்திருந்தால் எந்த அச்சும் இருட்டாகத்தான் தெரியும். அளவுக்கருவியால் சீராக்கி, வெளிச்சத்தை 100 கேண்டெலா அளவில் வையுங்கள், 120-ஐத் தாண்ட வேண்டாம். அப்புறம் ஃபோட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்அப், கஸ்டம் என்று போய் பிஎஸ்ஓ கோட்டட் வி3-ஐக் கொடுத்து, 'சிமுலேட் பேப்பர் கலர்' என்பதை டிக் செய்யுங்கள். 'ப்ரிசர்வ் நம்பர்ஸ்' டிக் இல்லாமல் இருக்கட்டும். படம் சட்டென்று உயிர் போன மாதிரி தெரியும். பயப்படாதீர்கள், ஒரு நிமிடம் பார்த்தால் கண் பழகிவிடும். அந்தத் திரையைத்தான் முதலாளிக்குக் காட்ட வேண்டும், பளபளக்கும் ஆர்ஜிபி-யைக் காட்டிப் பழக்கினால் அச்சு வந்த அன்று சண்டைதான்.

திரையில் பார்க்கும் இந்த சாஃப்ட் ப்ரூஃப் உங்களுக்கும் முதலாளிக்கும் இடையில். அச்சகத்துக்கும் உங்களுக்கும் இடையில் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். எம்.எஸ். ப்ளூ, கிளிப்பச்சை, அரக்கு, ஒரு முகம், இவை இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கான்ட்ராக்ட் ப்ரூஃப் கேளுங்கள், 48 பக்கத்துக்கும் வேண்டாம். ஓரத்தில் ஃபோக்ராவின் 72 கட்டங்கள் கொண்ட மீடியா வெட்ஜ் என்ற அளவுப் பட்டையும், எந்த ப்ரொஃபைல், எந்தத் தேதி என்ற வரியும் இருக்க வேண்டும். அது இல்லாத ப்ரூஃப் வெறும் கலர் பிரின்ட் அவுட்.

ப்ரூஃப் கூரியரில் வந்ததும் முதலாளி அதைக் கடை வாசலுக்கு எடுத்துப்போவார். புடவையை வெயிலில் பார்த்தே பழகிய கை அது. தடுத்துவிடுங்கள். பிற்பகல் வெயிலில் மஞ்சள் ஏறும், கடைக்குள் எல்இடி-யில் வேறு மாதிரி தெரியும், ஜெர்மன்காரர் அச்சுத்துறையின் பொது அளவான டி50 விளக்கின் கீழே பார்த்துவிட்டுச் சரி என்பார். 5000 கெல்வின், நல்ல நிறத்தரம் உள்ள விளக்கு ஒன்றை வாங்கி, பழுப்பு நிறம் தட்டாத சாம்பல் மேஜைமேல் மாட்டுங்கள். புடவையையும் ப்ரூஃபையும் அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ப்ரூஃபின் முன்பக்கத்திலேயே கையெழுத்து வாங்குங்கள்.