ஒட்டு நாற்றில் தக்காளி அதிகம் காய்க்குமா, சத்து குறையுமா?

காரைக்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. வேறொரு செடியின் வேர்ப்பகுதி மேல் தக்காளித் தண்டை ஒட்டி வளர்த்ததுதான் ஒட்டு நாற்று. ஒட்டால் விளைச்சல் கூடுவது பெரும்பாலும் மண்ணில் நோய் இருக்கும்போதுதான். காய்க்கிற நேரத்தில் செடி பச்சையாகவே துவண்டு விழுகிறதா? தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நறுக்கிய முனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தடித்துப் பயனில்லை. வாடலைத் தாங்கும் கத்திரி வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்குங்கள். அந்த வேர் மழைத் தண்ணீர் தேங்கினாலும் ஓரளவு தாங்கும். நோயில்லாத மண்ணென்றால் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பேன்.

சத்து? பழத்துக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன், வைட்டமின் சி இரண்டும் வேருக்கு வேர், ரகத்துக்கு ரகம் மாறுகின்றன. கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. வீரியமான தக்காளி வேர் தண்ணீரை அதிகம் இழுத்தால் பழம் பெருத்து இனிப்பு கொஞ்சம் மட்டுப்படலாம். கத்திரி வேரில் பழம் சிறுத்து இனிப்பு கூடலாம், ஆனால் காயின் அடி கறுக்கும் தொல்லையும் வரலாம். தண்ணீரைச் சீராகக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று: நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் மேல்தண்டே வேர்விட்டு, நோய் அதன் வழியாக ஏறிவிடும்.