உதரவிதானத்தில் ஓட்டை: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். பிறந்தவுடன் ஓட்டையைத் தைத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: ஓட்டையைவிடப் பெரிய கவலை நுரையீரல்தான். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நின்று மூச்சை இழுக்கும் உதரவிதானம் மூன்றாம் மாதத்துக்குள் முழுவதும் மூடிவிட வேண்டும். மூடாத இடத்தின் வழியே, பெரும்பாலும் இடப்பக்கமாக, குடலும் இரைப்பையும் சில வேளைகளில் கல்லீரலும் மேலேறி, நுரையீரல் வளர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நுரையீரல் சிறுத்துப்போவதோடு அதன் இரத்தக் குழாய்களும் இறுகிவிடுகின்றன. தையல் போட்ட மறுநாளே இவை சீராகிவிடுவதில்லை. எனவே மூச்சும் இரத்த ஓட்டமும் நிலைப்படும்வரை மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். அதைத் தயவுசெய்து அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: தங்கைக்கு எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்கலாமா?

பதில்: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரும் அங்கே இல்லையென்றால், வேண்டாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு முகமூடி வைத்துப் பையை அழுத்திக் காற்றுக் கொடுப்பது வழக்கம். இந்தக் குழந்தைக்கு அப்படிச் செய்தால் காற்று குடலுக்குள் போய், நெஞ்சுக்குள் இருக்கும் குடல் உப்பி, இருக்கிற நுரையீரலையும் நசுக்கிவிடும். ஆகவே மூச்சுக்குழாயில் நேரே டியூப் பொருத்துவார்கள். இரைப்பைக்குள் மற்றொரு டியூப் விட்டு, அங்கு சேரும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ஸ்கேனில் தெரியாமலே பிறந்த குழந்தையென்றால், திணறலோடு வயிறு குழிந்திருப்பதும் இதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்பதும் முக்கிய அறிகுறிகள். ஸ்கேன் அறிக்கையைத் தங்கையின் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கருவிலேயே பலூன் வைக்கும் சிகிச்சை பலன் தருமா?

பதில்: எல்லாருக்கும் அது தேவைப்படாது. இடப்பக்க ஓட்டையால் நுரையீரல் மிகவும் சிறுத்த கருக்களுக்கு 27 முதல் 29 வாரங்களில் மூச்சுக்குழாயில் பலூன் வைத்து, 34ஆம் வாரத்தில் எடுத்த ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. பலூன் வைத்தவர்களில் 40 விழுக்காட்டினரும் வைக்காதவர்களில் 15 விழுக்காட்டினரும் உயிருடன் வீடு திரும்பினார்கள். ஆனால் குறைப்பிரசவம் அதிகரித்தது.

கேள்வி: கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார்.

பதில்: இல்லை, அம்மா. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல தாய்மார்களுக்குக் கர்ப்பம் உறுதியாகிச் சில வாரங்களே ஆன நிலையில் இந்தக் குறை உருவாகிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு மரபணுக் காரணம் கிடைக்கும், பெரும்பாலானவர்களுக்குக் காரணமே தெரிவதில்லை. இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பால் எதுக்களிப்பதையும் எடை கூடுவதையும் கவனியுங்கள். காது கேட்கும் திறனை ஒரு முறை சோதித்ததோடு விட்டுவிடாதீர்கள். இக்குழந்தைகளில் சிலருக்குக் கேட்கும் திறன் பிற்பாடு குறைவதுண்டு.